துரையை வெளியே அனுப்பிய காலை

போன வாரம் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் வந்தால் அவளுடைய வேலையும் கூடவே வந்துவிடுகிறது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கோலாலம்பூரில் இருக்கும் அலுவலகக் கணினிக்குள் இங்கிருந்தபடியே நுழைந்துவிடுகிறாள். "இதுல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் அங்க இருக்கற பெரிய மெஷின்லதான் ஓடுது. நாங்க எல்லாரும் அதுக்குள்ள போய் வேலை செய்றோம்," என்று எனக்கு விளக்கம் வேறு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு. யாரோ பெருசா எதையோ ஓட்டுறாங்க."

"யாருன்னு பாரேன்."

"எப்படிம்மா தெரியும்? எத்தனையோ பேரு இருப்பாங்க."

"தெரிஞ்சா வெளிய அனுப்பிடலாம்லா," என்றேன்.

அவள் சிரித்தாள். அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்கிற சிரிப்பு அது. நான் வெங்காயத்தை முடித்துவிட்டுக் கையைக் கழுவினேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்தேன். பிறந்ததும் அதே தோட்டத்துக் கீழ் டிவிஷன் தொழிலாளர் லயத்தில்தான். அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை, அப்பாவுக்குத் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. பள்ளிக்கூடம் முடித்ததும் தானா ராத்தா டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் தட்டச்சு படித்தேன். கீழே அவர்கள் பூண்டு தாளிக்கும் நேரத்தில்தான் எங்களுக்கு வகுப்பு. இன்றைக்கும் பூண்டு வாசம் வந்தால் என் விரல்கள் எழுத்துகளைத் தேடும். அந்தப் படிப்பை நம்பித்தான் ஆபீசில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்து சில ஆண்டுகளில் அந்த மெஷின் வந்தது.

அது வந்த அழகைச் சொல்ல வேண்டும். கம்பளி சுற்றி, லாரியில் ஏற்றி, தாப்பா மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்தார்கள். கூடவே லிம் என்று ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. அரைக்கைச் சட்டையோடு நடுங்கிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்து, இங்கே ஏர்கோன் வைக்க வேண்டும் என்றார். எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், கம்பளிச் சட்டைக்கு மேல் கழுத்துக்குத் துண்டும் சுற்றிக்கொண்டு நின்றார். "ஏர்கோனா? நாங்களே கரி போட்டுக் குளிர் காயறோம்," என்றார். கடைசியில் அந்த மெஷினுக்கு எதிரி வெயில் இல்லை, பனிமூட்டம்தான் என்று தெரிந்தது. ஈரம் இறங்காமல் இருக்க அறையில் இரண்டு பெரிய பல்புகளை இரவு பகலாக எரியவிட்டோம். கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம் மாதிரி கதகதவென்று இருக்கும். சூடான தூசும் வார்னிஷும் கலந்த ஒரு வாசம். ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலையிலிருந்து வாட்டிய கொழுந்தின் வாசம் வரும். தோட்டத்திலேயே குளிர் தெரியாத இடம் அதுதான். காரணமே இல்லாமல் பலரும் அங்கே வந்து நிற்பார்கள்.

மெஷின் ஒன்று, திரைகள் நான்கு. என்னுடையது மெஷின் அறையிலேயே இருந்தது. இன்னொன்று சரிவுக்குக் கீழே தொழிற்சாலையில், அங்கே கணக்கு எழுதும் சரோஜா அக்காவிடம். ஒன்று சாமான் ஸ்டோரில். நான்காவது தோட்ட மேனேஜரான துரையின் அறையில். திரைகளுக்கென்று சொந்த மூளை கிடையாது. தட்டுவது அங்கே, நடப்பதெல்லாம் இங்கே. லிம் இதைப் புரியவைக்க மலாய் மொழியில், ஒரு தலை, நான்கு முகம் என்றார். "பிரம்மா மாதிரியா?" என்று பெரிய கிராணி கேட்டார். லிம்முக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் கிராணி மெஷினுக்கு மறக்காமல் நான்கு பொட்டு வைத்தார்.

யார் உள்ளே இருக்கிறார்கள், என்ன ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் என் திரையில் மட்டும் தெரியும். உள்ளே இருக்கும் யாரையும் வெளியே அனுப்புகிற கட்டளையும் என் திரைக்கு மட்டும்தான் உண்டு. மிக அவசரம் என்றால் மட்டும் என்று லிம் எச்சரித்தார்.

"யாரை வேணும்னாலும் அனுப்பலாமா?" என்று கேட்டார் கிராணி.

யாரை வேண்டுமானாலும், என்றார் லிம். கிராணி ஒருமுறை துரையின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இது ஒன் வேலைம்மா. நான் தொட மாட்டேன். எனக்குப் பென்ஷன் வர்ற நேரம்," என்று விலகிக்கொண்டார். லிம் கியா பார்ம் சந்தையில் தன் அம்மாவுக்காகப் பூக்கோசும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் வாந்தி எடுக்கக் கிளம்பினார்.

எனக்கு உடனே தலைக்கனம் வந்துவிட்டது. அறைச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி மாதிரி லயத்துக்குள் நடப்பேன். குழாயடியில் பெண்கள், "கம்ப்யூட்டர் கிராணி வந்துட்டா, வழி விடுங்க," என்பார்கள். கிண்டல்தான். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு ஒரு வரி அனுப்பலாம். சரோஜா அக்காவும் நானும் அதைக் கண்டுபிடித்த பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். வடை இருக்கிறது, மேலே அனுப்பவா என்று வரும். மழை வருகிறது, துணியை எடுக்கச் சொல் என்று வரும். ஒருநாள் பெரிய கிராணி என் திரையில் அப்படி ஒரு வரியைப் பார்த்துவிட்டு, மெஷினுக்கு ஏதோ கோளாறு, லிம்முக்குப் போன் பண்ணு என்று பதறினார். நான் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். "ஓ, தமிழா," என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வடை மேலே வந்ததும் அவருக்கும் ஒன்று கொடுத்தோம்.

ஒரு தலையை நான்கு பேர் பங்குபோட்டால் என்ன ஆகும்? எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் தட்டிய எழுத்து திரையில் வரக் கொஞ்சம் யோசிக்கும். யார் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு அந்தத் தாமதத்திலேயே தெரிந்துவிடும். லேசாகத் தயங்கினால் சரோஜா அக்கா தூள் ரகங்களைப் பதிகிறார் என்று அர்த்தம். அப்படியே நின்றுவிட்டால் துரை உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இவர் ஈப்போக்காரர், நம்மவர்தான். ஆனாலும் நாங்கள் துரை என்றே சொன்னோம், அவரும் எங்களோடு ஆங்கிலத்திலேயே பேசினார். காலையில் எதையாவது ஓடவிட்டுத் திரையை அப்படியே விட்டுவிடுவார். விருந்தாளிகள் வந்தால் பச்சை எழுத்துகள் நகர்வதைக் காட்டுவதற்குத்தான் அது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. துரையின் மோட்டார் காடி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றவர்கள் எங்கள் அப்பாக்கள். அதோடு, லயத்து வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். "ஆபீஸ்ல வாயக் குடுத்துடாத, நம்ம சட்டி பானை ரோட்டுக்கு வந்துரும்," என்று அம்மா தினமும் காலையில் பசியாறக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புவார்.

அந்த வருஷக் கடைசி மழை நினைவிருக்கிறது. தாப்பா பாதையில் அங்கங்கே மண் சரிந்தபடி இருந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து பூவும் காய்கறியும் ஏற்றிப்போன லாரிகள் வழியில் மாட்டிக்கொண்டு, பூவெல்லாம் அழுகித் திரும்பி வந்தன என்று கேள்விப்பட்டோம். ஒருநாள் காலை, மத்தியானத்துக்குமேல் பாதையை மூடப்போவதாகச் செய்தி வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் லாரி கிள்ளான் துறைமுகத்துக்குத் தேயிலைப் பெட்டிகளோடு கிளம்ப வேண்டும். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. கூடப்போக வேண்டிய தாள்கள்தான் வரவில்லை. சரோஜா அக்கா கீழே ரகங்களைப் பதிந்து முடித்தால்தான் மேலே என் அறையில் தாள் அச்சாகும். அவர் ஒரு எழுத்துத் தட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் லெட்சுமணன் மழைச்சட்டையில் நீர் வடிய என் அறை வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"தெரியலண்ணே. மெஷின் நகர மாட்டேங்குது."

"இப்பவே போனாத்தான் அந்தச் சரிவத் தாண்டலாம். போகலன்னா கப்பல் போயிடும். லேட்டா போனா நான் போயிடுவேன்." சிரிக்காமல்தான் சொன்னார். மழை நின்று பெய்தது.

என் திரையில் பட்டியலைப் பார்த்தேன். ஸ்டோர் சும்மா இருந்தது. சரோஜா அக்கா வரிசையில் காத்திருந்தார். துரையின் வேலை ஒன்று காலையிலிருந்து மெஷினில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் திரைக்கு ஒரு வரி அனுப்பினேன்: தயவுசெய்து சிறிது நேரம் நிறுத்த முடியுமா, லாரி காத்திருக்கிறது. பதில் இல்லை. போன் செய்தேன். யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை. பெரிய கிராணியிடம், நீங்கள் போய்க் கேளுங்கள் ஐயா என்றேன். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு போனார். கதவு முன் நின்றார். கையை உயர்த்தினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"உள்ள கோலாலம்பூர்க்காரங்களோட பேசிக்கிட்டு இருக்காரும்மா. சாயந்திரம் டைரக்டருங்க வர்றாங்க. இப்பப் போய்த் தட்டக்கூடாது."

"அப்ப லாரி?"

லெட்சுமணன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், எங்கள் லயத்துக்கு அடுத்த லயம்தான். நேரமானாலும் தாள் வந்தால் அவரை அனுப்பத்தான் செய்வார்கள், அவரும் போகத்தான் செய்வார். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் அந்தக் கட்டளையைத் தட்ட ஆரம்பித்தேன்.

"வேணாம்மா," என்றார் கிராணி.

"வேற வழி சொல்லுங்கையா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பாக்கல."

தட்டி முடித்தேன். பட்டியலில் துரையின் பெயர் இருந்த வரி மறைந்தது. அடைத்திருந்த குழாய் திறந்ததுபோல் சரோஜா அக்காவின் பதிவுகள் மடமடவென்று வந்து விழுந்தன. அச்சு இயந்திரம் கீச்சிட ஆரம்பித்தது. லெட்சுமணன் தாள்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையில் இறங்கி ஓடினார். சரிவுக்குக் கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் துரையின் கதவு திறந்தது.

அவர் அதுவரை என் அறைக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தார்.

"யாரு என் ஸ்கிரீன மூடுனது?" தமிழில் கேட்டார். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

கிராணி வாயைத் திறந்தார். அவருக்கு முன் நான் எழுந்து, "நான்தான் சார்," என்றேன். லாரி, பாதை, அனுப்பிய வரி, செய்த போன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நெற்றியைத் தடவினார். "நான் என்ன ஓட்டிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? கீழ் டிவிஷன மூடிடலாம்னு டைரக்டருங்க சொல்றாங்க. காய்கறிக்குக் குடுத்துடலாமாம். மூடக்கூடாதுன்னு அவங்களுக்குக் காட்டணும். ஒவ்வொரு மலையிலயும் இத்தன வருஷம் என்ன கொழுந்து வந்துச்சுன்னு காலையிலேருந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் போச்சு."

கீழ் டிவிஷன். என் அம்மா அந்நேரம் மழைக்குப் பிளாஸ்டிக் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடம். எங்கள் வீடு இருந்த இடம். விருந்தாளிக்குக் காட்டும் பச்சை எழுத்து என்று நாங்கள் சிரித்தோமே, அன்றைக்கு ஓடியது அது இல்லை. பெரிய கிராணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஆனாலும் லெட்சுமணன் போய்விட்டார் என்பதை நினைத்தால், செய்தது தப்பு என்று மனசு ஒப்பவில்லை. இன்றைக்கும் ஒப்பவில்லை. அதே காலை திரும்பி வந்தாலும் அதைத்தான் தட்டுவேன்.

"சார், இப்ப எல்லாரையும் வெளிய அனுப்பிடறேன். மெஷின் முழுசும் உங்களுக்குத்தான். இங்கேயே, என் ஸ்கிரீன்லேயே ஓட்டலாம்."

"முடியுமா? டைரக்டருங்க வர்றதுக்குள்ள?"

"காலையில நாலு பேருக்குப் பங்கு சார். இப்பப் பங்கு இல்ல."

அவர் உட்கார்ந்தார். நான் சரோஜா அக்காவுக்கு, வெளியே போங்க அக்கா, துரை வேலை என்று அனுப்பினேன். என்ன ஆச்சு என்று வந்தது. பிறகு சொல்கிறேன் என்றேன். ஸ்டோரையும் வெளியே அனுப்பினேன். பட்டியலில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். துரை சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மெஷினின் இரைச்சலே மாறியது. பல்புச் சூட்டில் துரை தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கிராணி தன் கையாலேயே தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அவர் தேநீர் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். சர்க்கரை போட மறந்திருந்தார், யாரும் சொல்லவில்லை. காலை முழுவதும் முக்கி முனகிக்கொண்டிருந்த வேலை, மத்தியான மணி அடிப்பதற்குள் முடிந்து அச்சில் இறங்கியது.

துரை சூடு ஆறாத தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"இனிமே பெருசா எதாச்சும் ஓட்டணும்னா ஒன்னைக் கேட்டுட்டு ஓட்டறேன். நீயும் அடுத்த தடவ கதவத் தட்டிட்டுச் செய்."

"கதவத் தட்டறது என் வேலை சார்," என்றார் பெரிய கிராணி, எழுந்து நின்று. "நான்தான் தட்டல."

துரை அவரைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார்.

பிற்பகலில் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து லெட்சுமணன் போன் செய்தார். சரிவைத் தாண்டிவிட்டதாகவும், பின்னாலேயே பாதையை மூடிவிட்டதாகவும் சொன்னார். பாதையை மூடப்போவதைக் கேட்டு டைரக்டர்கள் முன்னதாகவே மேலே வந்து சேர்ந்து, அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். கீழ் டிவிஷனை அப்போதைக்கு மூடவில்லை. அந்தத் தாள்களால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குழாயடியில் மட்டும் அப்படித்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, சட்டியில் கரண்டி அப்படியே நின்றது.

"தொரையவா வெளிய அனுப்புன?"

"தொரைய இல்லம்மா. அவரோட ஸ்கிரீன."

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

அப்பா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு வேலை இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"அப்பச் சாப்புடு," என்றார்.

மறுநாள் மலைக்குப் போன அம்மா எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். பயந்த அம்மா எப்போது பெருமைக்கு மாறினார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் இன்னும் சில கொழுந்துப் பெண்களும் துரையிடம் அனுமதி கேட்டு மெஷினைப் பார்க்க வந்தார்கள். சிலிப்பரை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, பல்புகளுக்கு நேராகக் கையை நீட்டிக் குளிர் காய்ந்தார்கள். மெஷினைவிட அவர்களுக்கு அந்தச் சூடுதான் பிடித்தது.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் திரையிலிருந்து என் திரைக்கு ஒரு வரி வரும், இப்போது ஓட்டலாமா என்று. சரி சார் என்றோ, கொஞ்சம் பொறுங்கள் சார் என்றோ நான் பதில் தட்டுவேன். அவசியமே இல்லாமல், என் தேநீரைக் குடித்து முடிக்கட்டும் என்று அவரைப் பொறுக்க வைத்த நாளும் உண்டு. லயத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்தத் தேநீர் எப்படி இனித்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கீழ் டிவிஷன் முழுக்கப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காய்கறி. லயங்கள் இல்லை. சரோஜா அக்கா கிள்ளானில் மகனோடு இருக்கிறார் என்று கேள்வி. பெரிய கிராணி பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனவர், மெஷின் போனதைப் பார்க்கவே இல்லை. எண்பதுகள் முடியும் சமயத்தில் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். லிம்தான் வந்தார். அவருக்குத் தலை கொஞ்சம் நரைத்திருந்தது, வாந்தி நின்றிருந்தது. மேசைக்கு ஒன்றாகத் தனித்தனிக் கணினிகளை வைத்து, இனி ஒருவரால் இன்னொருவருக்குத் தாமதம் ஆகாது என்றார். பல்புகளை அணைத்தோம். ஒரே வாரத்தில் அந்த அறையும் மற்ற அறைகள் மாதிரி குளிர்ந்துவிட்டது.

முதல் நாள் காலை நான் என் புதுத் திரை முன் உட்கார்ந்திருந்தேன். பட்டியல் இல்லை. அந்தத் திரைக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். வழக்கமான நேரம் தாண்டியும் துரையிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. இருந்தாலும் எழுந்து போய் அவர் கதவைத் தட்டினேன்.

"ஏதாச்சும் ஓட்டணுமா சார்?"

அவர் மேசைக்குக் கீழே இருந்த புதுக் கணினிப் பெட்டியைக் காட்டினார். "இல்லம்மா. இங்கேயே ஓடுது."